முதல் கைதட்டு

மத்தியானச் சாப்பாடு முடிந்து, கணவர் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக் கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் வானொலியில் யாரோ வயலினை இழைத்துக்கொண்டிருந்தார்கள். நூலகரம்மா சமையல் மேடையைத் துடைத்துவிட்டு வந்து வானொலியை நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்தினே?" கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"தூங்கறீங்கன்னு..."

"தூங்கலை. கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

மறுபடி போட்டாள். ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய் உட்கார்ந்தாள். வயலின் முடிந்து செய்தி வந்தது. செய்தி முடிந்து வானிலை வந்தது. வானிலை அறிக்கையை அவர் ஒருநாளும் கேட்டு முடித்ததில்லை. முதல் வரியிலேயே அணைத்துவிடுவார். அன்றைக்கு அது கடைசிவரை ஓடியது. அப்போதுதான் அவள் புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

ஒரு மழைக்காலம் வந்து போயிற்று. ஒரு நாள் காலையில் இசை அரங்கத்து மேலாளர் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கொடுத்த தேநீரைக் குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அம்மா, எங்க அரங்கத்துல இப்போ யாருக்கும் கைதட்டத் தெரியலை."

நூலகரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அவரை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். ஆள் தெளிவாகத்தான் இருந்தார்.

விஷயம் இதுதான். அந்த ஊரில் வாத்தியக்குழுவின் இசையைக் கேட்டு வளர்ந்தவர்கள் யாரும் கிடையாது. ஆசை இருந்தது, அரங்கம் இருந்தது, நன்றாக வாசிக்கிறவர்களும் இருந்தார்கள். ஆனால் எது முடிவு, எது இடைவெளி என்பது மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. ஒரே உருப்படியை இரண்டு மூன்று பாகமாக வாசிப்பார்கள். நடுவில் நிறுத்துவார்கள். அங்கே தட்டினால் அவமானம். ஆரம்பக் காலத்தில் ஊரே அந்த அவமானத்தைப் பட்டது. அப்புறம்தான் எல்லோரும் ஒன்றைக் கவனித்தார்கள். பக்கக் கதவை ஒட்டி ஒற்றையாகப் போட்டிருக்கும் நாற்காலியில் உட்காரும் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், அதாவது நூலகரம்மாவின் கணவர், மட்டும் தவறான இடத்தில் தட்டுவதே இல்லை. அவர் கை எழுந்தால் இசை முடிந்தது என்று பொருள். அன்றிலிருந்து மொத்த அரங்கமும் அவரைப் பார்த்துத்தான் தட்டியது.

நூலகரம்மா ஒரு கச்சேரிக்கும் போனதில்லை. அவர் கச்சேரிக்குப் போகும் சாயங்காலங்களில் வீடு அவளுடையது, நிம்மதியாகப் படிப்பாள். ஆனால் கடைத்தெருவில் யாராவது, "உங்க வீட்டுக்காரர் காது காதுங்க!" என்று சொன்னால் இரண்டு நாளைக்கு அவள் நடையே மாறிவிடும்.

"அவர் போனதுக்கப்புறம் நடந்த முதல் கச்சேரில யாருமே தட்டலைங்க," என்றார் மேலாளர். "எல்லாரும் அவர் நாற்காலியையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. வாசிச்சவங்க ஜனங்களைப் பாத்தாங்க, ஜனங்க நாற்காலியைப் பாத்தாங்க. கடைசில எழவு வீட்டுலேருந்து கிளம்பற மாதிரி..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவாயில்லை, சொல்லுங்க."

"அடுத்த கச்சேரில பயந்துபோய் எல்லா இடத்துலயும் தட்டிட்டாங்க. புல்லாங்குழல்காரர் மூக்கை உறிஞ்சினார். அதுக்கும் தட்டினாங்க."

"சரி, அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"வர்ற சனிக்கிழமை வெளியூர்லேருந்து வாத்தியக்குழுவை நடத்த ஒரு நடத்துநர் வர்றார். பெரிய மனுஷர். வயலின் வாசிக்க ஒரு பொண்ணு வருது. அது பேரைச் சொன்னாலே டிக்கெட் தீந்துடும், தீந்துடுச்சு. ரேடியோக்காரங்க நேரடியா ஒலிபரப்பறாங்க. ஆனா இந்த நடத்துநருக்குக் கோபம் மூக்கு மேல. ஒரு ஊர்ல நடுவுல யாரோ தட்டிட்டாங்கன்னு குச்சியைக் கீழ வச்சுட்டு நேரா ரயிலேறிட்டாராம்." மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க அவர் நாற்காலில வந்து உட்காரணும். முடிஞ்சதும் தட்டணும். மத்ததை ஜனங்க பாத்துக்குவாங்க."

"எனக்குச் சங்கீதத்துல ஒண்ணுமே தெரியாதே!"

"அத்தனை வருஷம் அவரோட குடித்தனம் பண்ணியிருக்கீங்க. கொஞ்சம்கூடவா ஒட்டியிருக்காது?"

"ஒட்டியிருக்கே. ஒருத்தர் கடிதாசை எவ்வளவு தூரத்துல பிடிச்சுப் படிக்கறாங்கன்னு பாத்தா, என்ன பவர்னு சொல்லிடுவேன்."

மேலாளர் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

"கமிட்டில அந்த நாற்காலியை எடுத்துடலாங்கறாங்கம்மா. ஆளில்லாத நாற்காலியைப் பாத்துப் பாத்துதான் ஜனங்க குழம்பறாங்களாம். நான்தான் சனிக்கிழமை வரைக்கும் பொறுங்கன்னு சொல்லியிருக்கேன். அன்னிக்கு ஒழுங்கா நடந்துட்டா அது என்னிக்கும் உங்க நாற்காலி. நடக்கலைன்னா ஞாயித்துக்கிழமை ஆசாரி வந்து கழட்டிடுவார்."

நூலகரம்மா சாய்வு நாற்காலியைப் பார்த்தாள். வீட்டில் இருப்பதையே யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்கிறாள். வெளியில் இருக்கும் இன்னொன்றை ஆசாரி வந்து கழற்றுவதா?

"அவர் அங்க எப்படி உட்கார்ந்திருப்பார்?"

"ஆஹா, அதைச் சொல்லுங்க!" மேலாளர் முகம் மலர்ந்தது. "அசையவே மாட்டார். சிலை மாதிரி. மேடை வெளிச்சம் கூசுதுன்னு கறுப்புக் கண்ணாடி போட்டுக்குவார். மூச்சு மட்டும் ஆழமா இழுத்து இழுத்து விடுவார். அவ்வளவு லயிப்பு!"

"வர்றேன்," என்றாள் நூலகரம்மா.

மகளுக்குச் செய்தி போனது. அவள் சாயங்காலமே இசைத்தட்டோடு வந்து இறங்கிவிட்டாள்.

"ரொம்ப சுலபம்மா. மொத்தம் மூணு பாகம். ரெண்டு தடவை நிறுத்துவாங்க, பேசாம இரு. மூணாவது தடவை நிறுத்தினா தட்டு."

"அவ்வளவுதானா? இதுக்கா ஊரே பயப்படுது?"

இசைத்தட்டு சுழன்றது. நூலகரம்மா நிமிர்ந்து உட்கார்ந்து கையைத் தயாராக வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் எல்லா வாத்தியமும் சேர்ந்து 'தடால்' என்று நின்றன. ஒன்று என்று எண்ணிக்கொண்டாள். உடனே ஒரு வயலின் கிளம்பியது. அதுவும் நின்றது. இரண்டு. மறுபடி தடால். மூன்று! படபடவென்று தட்டினாள்.

"அம்மா! அது மூச்சு வாங்கறது!"

"மூச்சு வாங்கறதை ஒரு ஓரமா நின்னு வாங்கக்கூடாதா? நடு ரோட்டுல நின்னா வாங்குவாங்க?"

மறுபடி போட்டார்கள். இந்த முறை உண்மையான முடிவில் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது முறை அடுப்பில் பால் பொங்கி, ஓடிப்போய் அணைத்துவிட்டு வருவதற்குள் எண்ணிக்கை போய்விட்டது.

"நூலகத்துல நான் ஒரு 'ஷ்' சொன்னா மின்விசிறிகூட மெதுவாத்தான் சுத்தும்," என்றாள் ஆற்றாமையோடு. "ஆயுசு பூரா ஜனங்களை வாயை மூட வச்சவ நான். என்னைப் போய்ச் சத்தம் போட வைக்கச் சொல்றாங்களே!"

இருந்தாலும் சனிக்கிழமை காலைக்குள் கணக்குப் பிடிபட்டுவிட்டது. மகள் நடுவில் எங்கே நிறுத்திக் கேட்டாலும், "இன்னும் இருக்கு" என்றோ, "முடிஞ்சுது" என்றோ சரியாகச் சொன்னாள். மகள் அவள் கன்னத்தைக் கிள்ளினாள்.

மத்தியானம் மாப்பிள்ளை வந்தார். வாத்தியக்குழுவில் டபுள் பேஸ் வாசிப்பவர். ஆளுயர வாத்தியத்தை நின்றுகொண்டே வாசிப்பதால், "பாவம், அவருக்கு மட்டும் உட்கார இடம் கொடுக்கலை" என்று நூலகரம்மா வெகுநாள் நினைத்திருந்தாள். ஒத்திகை முடிந்து நேராக வந்திருந்தார். மூக்குக்கண்ணாடி வழிந்து மூக்கு நுனியில் நின்றது. அதை மேலே தள்ளினார்; அது மறுபடி வழிந்தது.

"அத்தை, கணக்கு மாறிடுச்சு."

"என்ன மாறிடுச்சு?"

"விருந்தாளி ரெண்டாம் பாகத்தையும் மூணாம் பாகத்தையும் ஒட்டிட்டார். நடுவுல நிறுத்தக்கூடாதாம்."

"அப்போ ரெண்டாவது நிறுத்தத்துல தட்டணும். அவ்வளவுதானே?"

"அதான் இல்லை. முதல் பாகத்துல அந்தப் பொண்ணு தனியா வாசிக்கற இடம் இருக்கில்ல, அதுக்கு முன்னாடி நீளமா ஒரு மௌனம் வேணுமாம். நிஜ நிறுத்தத்தைவிட அதுதான் நீளம். எங்களுக்கே முடிஞ்சுபோச்சோன்னு தோணுது."

மகள் இசைத்தட்டை உறைக்குள் போட்டாள். நூலகரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்க அத்தை. நான் மேடைல இருக்கேனே, முடிஞ்சதும் சைகை காட்டறேன். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைக்கறேன்."

"வேர்த்தாலும் துடைப்பீங்களே மாப்பிள்ளை."

"அதுவும் சரிதான். வில்லைத் தோள்ல சாச்சுக்கறேன்?"

"தெரியாது. உங்களுக்கு முன்னாடி ஹார்ப்பை, அந்தப் பெரிய யாழைக் கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க," என்றாள் மகள். "போன வாரமே பாத்தேன். இவர் தலை மட்டும்தான் தெரியும்."

"அப்போ தலையால ஏதாவது பண்ணணும்," என்றார் மாப்பிள்ளை. யோசித்தார். கண்ணாடி வழிந்தது, தள்ளினார். முகம் பிரகாசமாயிற்று. "கண்ணாடி! வாசிக்கும்போது கண்ணாடி இல்லாம எனக்கு எதிர்ல இருக்கற காகிதமே தெரியாது. அதனால நடுவுல கழட்டவே மாட்டேன். முடிஞ்சதும் கழட்டறேன். நீங்க தட்டுங்க."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குறையே சொல்ல முடியாத யோசனை.

"மாமா செஞ்சு கொடுத்த கண்ணாடி," என்றார் மாப்பிள்ளை, அதை மறுபடி தள்ளிக்கொண்டே. "வர்றப்பல்லாம் கழட்டி வாங்கி ஒரு திருகு திருகித் தருவார். நான் கேட்டதே கிடையாது. இப்போ யாரு செய்யறா?"

நூலகரம்மா உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டாள். பீரோவைத் திறந்தபோது கணவரின் கறுப்புக் கண்ணாடி கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தாள். மாப்பிள்ளை தலை தெரிய வேண்டுமே.

அரங்கத்து வாசலில் தேர்தல் முடிவு கேட்கிற கூட்டம் மாதிரி நின்றது. வானொலி வண்டியிலிருந்து கம்பிகள் படியேறி உள்ளே போயின. டிக்கெட் கிடைக்காதவர்கள் கிடைத்தவர்களின் முகத்தை ஏக்கத்தோடு பார்த்தார்கள். அவள் உள்ளே நுழைந்ததும் ஒரு கிசுகிசுப்பு அவளுக்கு முன்னால் ஓடியது. "கண்ணாடிக்கடைக்காரர் சம்சாரம்!" "வந்துட்டாங்களா? அப்பாடா!" முன்பின் தெரியாத ஒருவர் நிம்மதியோடு அவளுக்கு வணக்கம் வைத்தார்.

கதவருகே சீருடை போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். நடுவயது. கதவு திறந்து மூடுவது அவள் வேலை. நாற்காலியைத் தன் பழைய வழக்கம்போலத் துணியால் தட்டி வைத்திருந்தாள்.

"வாங்கம்மா. காலை மட்டும் கொஞ்சம் உள்ள மடக்கி வச்சுக்குங்க. ஐயா நீட்டிடுவார், அப்புறம் கதவைத் திறக்க முடியாது. அதோ, மேல பச்சை விளக்கு எரிஞ்சா நான் உடனே திறக்கணும். இல்லைன்னா திட்டுவாங்க."

நூலகரம்மா உட்கார்ந்தாள். பச்சை விளக்கு அவள் தலைக்குப் பின்னால் போய்விட்டது. நாற்காலியின் இருக்கையில் ஒரு பள்ளம் இருந்தது. யாருடைய பள்ளம் என்று அவளுக்குத் தெரியும்.

கதவுக்காரப் பெண் குனிந்து மெல்லக் கேட்டாள். "ஐயாவுக்குப் பண்ற மாதிரியே உங்களுக்கும் பண்ணிடவாம்மா?"

என்ன பண்ணுவாளோ தெரியவில்லை. தண்ணீர் கொடுப்பாளோ, விசிறுவாளோ. எதுவானாலும் அவருக்கு நடந்த மரியாதை குறையக்கூடாது.

"அவருக்கு என்ன பண்ணுவியோ, அதையே பண்ணு," என்றாள் கம்பீரமாக.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "சரிங்கம்மா," என்று பின்னால் போய் நின்றாள்.

நூலகரம்மா நிகழ்ச்சித் தாளைப் பிரித்தாள். அரங்கம் முழுவதும் தாள் பிரிகிற சத்தம் கேட்டது. திடுக்கிட்டு மூடினாள். அரங்கம் முழுவதும் மூடியது. தொண்டை கரகரத்தது, லேசாகக் கனைத்தாள். கீழ்த்தளம் கனைத்தது, மாடம் கனைத்தது, கடைசி வரிசையில் ஒருவர் தாமதமாகக் கனைத்தார். அவளுக்கு வியர்த்துவிட்டது. இவர் எப்படித்தான் இத்தனை கண்ணுக்கு நடுவில் அமைதியாக உட்கார்ந்திருந்தாரோ!

விளக்குகள் மங்கின. மேடையில் எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். ஹார்ப்புக்கு மேலே மாப்பிள்ளையின் தலை மட்டும், பூசணிக்காயை யாரோ வைத்துவிட்டுப் போனதுபோலத் தெரிந்தது. பக்கத்திலிருந்து விருந்தாளி நடத்துநர் வந்தார். நெட்டையான ஆள், வெள்ளை முடி, வேகநடை. பின்னாலேயே வயலின்காரப் பெண். இவ்வளவு சின்னப் பெண்ணா? வயலினைக் குழந்தையை இடுக்கிக்கொள்வதுபோல் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

மயான அமைதி.

நடத்துநர் அரங்கத்தைப் பார்த்தார். அரங்கம் நூலகரம்மாவைப் பார்த்தது. நூலகரம்மா மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. மேடை ஓரத் திரைக்குப் பின்னால் மேலாளர் இரண்டு கையையும் காட்டிக் காட்டிக் குதித்தார். அப்போதுதான் புரிந்தது. வந்தவர்களுக்கும் தட்ட வேண்டும்! தட்டினாள். அரங்கம் இடிந்து விழுவதுபோல் தட்டியது. நடத்துநர் புருவத்தைத் தூக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

இசை தொடங்கியது.

இசைத்தட்டில் கேட்டது எதுவும் இதற்குப் பக்கத்தில் வராது. தரை அதிர்ந்து கால் வழியாக ஏறியது. அந்தச் சின்னப் பெண் வில்லைப் போட்டதும் அத்தனை வாத்தியமும் வழிவிட்டன. அவள் ஓடினாள், எல்லோரும் துரத்தினார்கள். அவள் நின்று திரும்பிப் பார்த்தாள், எல்லோரும் பின்வாங்கினார்கள். நூலகரம்மாவுக்கு ஒரு நல்ல கதையின் நடுவில் மாட்டிக்கொண்டதுபோல் இருந்தது. எண்ணிக்கை, இடைவெளி எல்லாம் மறந்துபோயிற்று. இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டாள். மொத்த அரங்கமும் இருக்கையின் நுனிக்கு வந்திருந்தது.

முரசுகள் உறுமின. எல்லோரும் சேர்ந்து உச்சத்துக்கு ஏறினார்கள். மாப்பிள்ளை தலையை ஆட்டி ஆட்டி வாசித்தார். ஒரு பெரிய ஆட்டம் ஆட்டினார், அவர் முகத்தில் கண்ணாடி இல்லை.

நூலகரம்மாவின் இரண்டு கைகளும் தாமாக மேலே எழுந்தன. அரங்கத்தின் அத்தனை கைகளும் எழுந்தன. தட்டப்போகிற அந்தக் கணத்தில் கண்ணில் பட்டது: மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றவில்லை. அது கழன்று விழுந்திருக்கிறது. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு வாசித்துக்கொண்டே இருக்கிறார். ஹார்ப் வாசிக்கிற அம்மாள் காலடியில் எதையோ பார்த்து முகம் சுளிக்கிறாள்.

கைகள் அந்தரத்தில் நின்றன. கீழே போடவும் பயம். அப்படியே தலைக்குக் கொண்டுபோய் முடியைச் சரிசெய்வதுபோல் தடவிக்கொண்டாள். அரங்கம் முழுவதும் முடியைத் தடவிக்கொண்டது. முன்வரிசையில் இருந்த வழுக்கைத் தலைக்காரரும் விட்டுவைக்கவில்லை.

பிறகு அந்த நீளமான மௌனம் வந்தது. நூலகரம்மா பிடித்து வைத்த பிள்ளையார்போல் இருந்தாள். பெண் தனியாக வாசித்தாள். முதல் பாகம் முடிந்தது. அப்போதும் அசையவில்லை. துணிச்சல் ஒன்றும் இல்லை, பயம்தான். ஆனால் அரங்கம் குண்டூசி விழுந்தாலும் கேட்கிற அமைதியோடு காத்திருந்தது. திரைக்குப் பின்னால் மேலாளர் நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

இனி சைகையும் கிடையாது. மாப்பிள்ளை ஹார்ப்புக்குப் பின்னால் குருட்டாம்போக்கில் வாசித்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பாகம் மெதுவாக வந்தது. வயலின் மட்டும் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே போயிற்று. அன்றைக்கு மத்தியானம் வானொலியில் ஓடியது இதுதானோ என்று அவளுக்குத் தோன்றியது. இல்லாமலும் இருக்கலாம். வயலின் எல்லாம் அவளுக்கு ஒன்றுபோலத்தான். அவராயிருந்தால் சொல்லியிருப்பார்.

வழிந்த கண்ணீரைத் துடைத்துக்கொள்ளக்கூட அவள் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் அரங்கமே கண்ணைத் துடைக்கும்.

மூன்றாம் பாகம் எப்போது தொடங்கியது என்றே தெரியவில்லை. எல்லாம் பாய்ச்சலில் போயிற்று. வில்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. அந்தப் பெண்ணின் வில்லிலிருந்து ஒரு இழை அறுந்து காற்றில் ஆடியது. அவள் கவனிக்கவே இல்லை. மேலே, இன்னும் மேலே, அதற்கும் மேலே போய் எல்லோரும் ஒரே வெட்டில் நிறுத்தினார்கள்.

வயலின்காரியின் வில் அந்தரத்தில் நின்றது. நடத்துநரின் கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு மெல்லக் கீழே இறங்கின.

முடிவா? மூச்சு வாங்குகிறார்களா? ஆசாரியின் திருப்புளி கண்முன் வந்து போயிற்று.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு.

அசையவில்லை.

மறுபடி தட்டு. இந்த முறை பலமாக. "அம்மா... அம்மா..."

நூலகரம்மாவுக்கு உள்ளே இருந்த நூலகம் விழித்துக்கொண்டது. தலையைத் திருப்பி, ஆயுசு பூரா பழகிய குரலில், "ஷ்!" என்றாள்.

"ஷ்!" என்றது கீழ்த்தளம். "ஷ்ஷ்!" என்றது மாடம். மேடையில் எக்காளக்காரர் ஒருவரும் தன்னை மறந்து "ஷ்" என்றார். கதவுக்காரப் பெண்ணின் கை மூன்றாவது முறையாகத் தோளுக்கு வந்தது. நூலகரம்மா அந்த விரல்களை அப்படியே பற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்புறம் வந்தது ஒரு மௌனம். அந்த அரங்கம் கட்டிய நாளிலிருந்து அப்படியொரு மௌனத்தைக் கண்டதில்லை. யாரும் மூச்சு விடவில்லை. வயலினின் கடைசி ஒலி கூரையில் எங்கோ ஒட்டிக்கொண்டிருந்ததுபோலவும், எல்லோரும் அது இறங்கி வருவதற்காகக் காத்திருப்பதுபோலவும் இருந்தது. வானொலி அறிவிப்பாளர் கண்ணாடி அறைக்குள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். மேலாளர் திரைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நடத்துநர் முதுகைக் காட்டியபடியே நின்றார். பிறகு, மிக மெல்ல, திரும்பினார்.

அவர் கன்னம் நனைந்திருந்தது.

அவர் குனிந்து வணங்கினார். வயலின்காரப் பெண்ணும் வணங்கினாள். வணங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அது தெரிய சங்கீத ஞானம் வேண்டியதில்லை. நூலகரம்மா பிடித்திருந்த விரல்களை விட்டுவிட்டுத் தட்டினாள்.

அரங்கம் வெடித்தது. மாடத்துப் பலகைகள் கிறீச்சிட்டன. வாசலில் டிக்கெட் கிடைக்காமல் நின்றவர்களும் தட்டியது உள்ளே கேட்டது. வயலின்காரி உள்ளே போனாள், வந்தாள், போனாள், வந்தாள். கடைசியில் போக விடவே மாட்டார்கள் என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே இன்னொரு சின்ன உருப்படி வாசித்தாள்.

இடைவேளையில் நடத்துநர் மேடையை விட்டு இறங்கி நேராக அந்த நாற்காலிக்கு வந்தார். மேலாளர் பின்னாலேயே ஓடி வந்து மொழிபெயர்த்தார்.

"எந்த ஊருக்குப் போனாலும் கடைசி ஸ்வரம் அடங்கறதுக்குள்ள தட்டிடறாங்களாம். அந்த மௌனமும் பாட்டுல சேர்த்திதான்னு ஒருத்தருக்கும் தெரியலையாம். ஆயுசுல இன்னிக்குத்தான் அதை முழுசாக் கேட்டேங்கறார். முதல்ல 'ஷ்'ன்னு சொன்னது யாருன்னு கேக்கறார்."

"நான்தான்," என்றாள் நூலகரம்மா. தலை நிமிர்ந்தது. "இது எங்க வீட்டுக்காரர் உட்கார்ந்த இடம்னு சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. காது அவரோடது."

நடத்துநர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு நாற்காலியின் முதுகில் உள்ளங்கையை வைத்து, பெரிய மனிதர் ஒருவரின் தோளைத் தொடுவதுபோல் தொட்டுவிட்டுப் போனார்.

"அம்மா, ஆசாரிக்கு வேலை இல்லை!" மேலாளர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இந்த நாற்காலியைத் தொடறவன் என்னைத் தாண்டித்தான் போகணும்!"

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது நூலகரம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். மேடையில் மாப்பிள்ளை முழங்காலில் நின்று ஹார்ப்புக்கு அடியில் கண்ணாடியைத் தடவித் தேடிக்கொண்டிருந்தார். இத்தனை காலம் இந்த மனுஷர் இந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு ஸ்வரமாக, ஒவ்வொரு மௌனமாகக் கேட்டிருக்கிறார். கூட வந்து உட்கார்ந்திருந்தால் என்னவாம்? வீட்டில் இருந்து என்ன பெரிய புத்தகம் படித்துக் கிழித்தோம்?

கதவுக்காரப் பெண் விரல்களை நீவிக்கொண்டே வந்தாள்.

"வலிக்குதாம்மா? மன்னிச்சுக்கோ," என்றாள் நூலகரம்மா. "நானும் பதட்டத்துல... ஆனா அந்த நேரத்துல போய் எதுக்கு அப்படித் தட்டினே?"

"நீங்கதானேம்மா ஐயாவுக்குப் பண்ற மாதிரியே பண்ணச் சொன்னீங்க?"

"ஆமாம். அவருக்கு என்ன பண்ணுவே?"

அவள் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"விளக்கு மங்கினதுமே ஐயா தூங்கிடுவார்மா. கால் வேற கதவுக்குக் குறுக்கே நீட்டியிருக்கும். வாசிச்சு முடிச்சு பச்சை விளக்கு எரிஞ்சதும் கதவைத் திறக்கத் தோள்ல தட்டி எழுப்புவேன், தூக்கிவாரிப்போட்டு எழுந்து வெக்கத்துல படபடன்னு கைதட்டுவார். ஆனா ஒரு நாளாவது ஒத்துக்கிட்டாரா? 'தூங்கலை, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்'னுவார்."